ஷெரோனின் ஞானத்தகப்பன்

பீற்றிஸ் இறால் விற்கிறவள். விடியற்காலையில் வாவிக்கரைத் தோணிக்காரரிடம் வாங்கி, ஐஸ் போட்டு, அலுமினியச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள். வாய் கொஞ்சம் நீளம். இறால் சிறிசு என்று யாராவது இழுத்தால், "அப்ப நீயே வாவியில இறங்கிப் புடி" என்பாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒருவர் முன்னால்தான் குரலைத் தாழ்த்துவாள். அவர் டொக்டர் அன்ரோ.

அன்ரோ டொக்டரே இல்லை. டவுனில் மருந்துக்கடையில் நின்றவர். மருத்துவப் பதிவு என்பதைக் கண்ணாலும் கண்டதில்லை. இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். கூப்பிட்டால் வருவார், ஊசி போடுவார், காய்ச்சல் இறங்கும். ஆஸ்பத்திரி வரிசையில் கால் கடுக்க நின்ற சனத்துக்கு வேறென்ன வேண்டும்? தலையில் தூக்கி வைத்து ஆடினோம். பீற்றிஸ் ஒருபடி மேலே போய், மகள் ஷெரோனின் ஞானஸ்நானத்தில் அவரையே ஞானத்தகப்பனாக நிறுத்தினாள். எங்களுக்குள் அது இரத்த உறவுக்குச் சமம்.

போன வருடம் கோயில் திருநாள் நேரம், பதிவில்லாமல் வைத்தியம் பார்ப்பவர்களைத் தேடிச் சுகாதார அதிகாரிகள் வந்தார்கள். அன்ரோவின் மருந்துப் பெட்டியைப் பறித்துச் சட்டிக்குள் வைத்து, மேலே இறாலைக் கொட்டினாள் பீற்றிஸ்.

"இவர் என்ட மகள்ட ஞானத்தகப்பன், சேர். திருநாளுக்கு வந்து நிக்கார். வைத்தியமா? இவருக்கு ஒண்டும் தெரியா."

ஊரே ஓமென்று தலையாட்டியது. நம்மவரை வெளியாளிடம் காட்டிக்கொடுக்க எங்களுக்கு வராது. வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். அன்ரோ அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

இந்த வருடம் ஷெரோனுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. அன்ரோ நாளுக்கு நாள் ஊசி போட்டார். காதுக்குள் இரைகிறது என்று பிள்ளை சொன்னபோது, "மறுகா சரியாப் போகும்" என்றார். காய்ச்சல் போனது, காது கேட்பதும் போனது.

"இந்த ஊசிய ஆர் போட்ட? இரத்தம் சோதிச்சு, அளந்து போடோணும். இல்லாட்டிக் காதைத் தின்னும்" என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். இனித் திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்.

பீற்றிஸ் சுகாதாரப் பகுதியில் முறையிட்டாள். இன்னொரு பிள்ளைக்கு அவன் ஊசி பிடிக்கக் கூடாது, அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். விசாரணைக்கு இருந்தவர் திருநாளுக்கு வந்த அதே அதிகாரி.

"நான் எங்க சேர் வைத்தியம் பாத்த?" என்றார் அன்ரோ, பூசைக்கு வந்தவர்போல. "நான் அந்தப் புள்ளைக்கு ஞானத்தகப்பன். அண்டைக்கு அவவே உங்களிட்டச் சொன்னவதானே."

அதிகாரி பீற்றிஸைப் பார்த்தார். "ஓம் அம்மா. நீங்கதான் சொன்னீங்க."

"ஐயோ சேர், பெட்டி என்ட சட்டிக்குள்ளதான் கிடந்த! நான்தான் ஒளிச்ச!"

"அண்டைக்குச் சொன்னது பொய்யா, இண்டைக்குச் சொல்றது பொய்யா?"

கூட வந்த அயலவர்கள் வாயே திறக்கவில்லை. நாளைக்கு அவர்களுக்கும் காய்ச்சல் வரும். பாம்புக்குப் பால் வார்த்தவள் அவள் ஒருத்தி மட்டும்தான் என்பதுபோல நின்றார்கள். சாட்சி போதாது என்று அனுப்பிவிட்டார்கள்.

வெளியே போட்டிருந்த வாங்குப் பலகையில் ஷெரோன் இருந்தாள். அன்ரோவைக் கண்டதும் எழும்பி, வழக்கம்போல ஆசீர்வாதத்துக்குக் கைகூப்பினாள். அவரும் கூசாமல் அவள் நெற்றியில் சிலுவை போடக் கையைத் தூக்கினார்.

பீற்றிஸ் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "தொடாத! உன்ட பெட்டிய ஒளிச்ச இந்தக் கையாலதான்டா என்ட புள்ளயையும் கூட்டி வந்து உனக்கிட்டத் தந்தன்!"

ஷெரோனுக்கு எதுவும் கேட்கவில்லை. அம்மா ஏன் ஞானத்தகப்பனை அடிக்கிறாள் என்று அவள் அழத் தொடங்கினாள்.