ஆறு பேரின் ஆதரவு

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியில் நடந்த மாதிரி நாடாளுமன்றப் போட்டியில் நான் பிரதமராக இருந்தேன். என் அரசு ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. அது கவிழ்ந்ததற்காக நான் வருந்தியதில்லை. அதைக் கவிழ்த்தவளை இழந்ததற்காக இன்றும் வருந்துகிறேன்.

அவையில் அறுபது இருக்கைகள். குலுக்கலில் என் கட்சிக்கு இருபத்தேழு, எதிர்க்கட்சிக்கு இருபத்தேழு, எஞ்சிய ஆறு என் தோழி தலைமை தாங்கிய சிறு கட்சிக்கு. நாங்கள் இருவரும் இரண்டு ஆண்டுகள் ஒரே அணியில் பேசியவர்கள். பட்டிமன்றங்களில் எதிரெதிரே நின்றதும் உண்டு. கணபதிப் பகுதியில் லேத் பட்டறைகளின் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த என் குரலை அவள் மேடையிலேயே கேலி செய்வாள். அவள் சாப்பிடும் வேகத்தை நான் கேலி செய்வேன். கீழே இறங்கியதும் இருவரும் சேர்ந்து டீ குடிப்போம். மேடையில் விழுந்த அடியை மேடையிலேயே விட்டுவிடுவது பேச்சாளர்களுக்குள் நிலவும் வழக்கம். அந்த வழக்கத்தை நம்பித்தான் நான் கெட்டேன்.

பெரும்பான்மை இல்லாத நான் அவளிடம் போனேன். இரண்டு அமைச்சர் பதவிகள் தருவதாகச் சொன்னேன்.

"மந்திரி எல்லாம் வேண்டாம் புள்ள. வெளிய இருந்தே ஆதரவு தாரேன். என் மசோதாவ மட்டும் எடுத்துக்க."

"ஒரே ஒரு மசோதாவா? இத்தன மலிவா யாராவது ஆட்சியக் குடுப்பாங்களா?"

"மொதல்ல படிச்சுப் பாரு. அப்பறம் சொல்லு, மலிவா இல்லையான்னு."

நான் தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். வீட்டிலிருந்தபடியே கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் பெண்களையும் தொழிலாளர்களாகப் பதிவு செய்யக் கோரும் மசோதா அது. கோட்டைமேட்டில் அவள் அம்மா ஆயத்த ஆடைகளுக்குப் பொத்தான் தைத்து, நூல் பிசிறு வெட்டிக் கொடுப்பவர். எந்தப் படிவமானாலும் தொழில் என்ற இடத்தில் அவருக்கு 'இல்லத்தரசி' என்றே எழுதப்பட்டு வந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து அந்த மசோதாவை எழுதிய தோழி, அதை முன்மொழிவதைக் கேட்க அம்மாவையே அழைத்து வந்திருந்தாள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்த அவர், பார்வையாளர் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார்.

நம்பிக்கைத் தீர்மானம் முதலில் வந்தது. அது முடிந்ததும் அவள் மசோதா வர வேண்டும். எதிர்க்கட்சித் தலைவர் எழுந்தார்.

"ஏனுங்க பிரதமர் அவர்களே, நீங்க உக்காந்திருக்கற நாற்காலி சொந்தங்களா, வாடகைங்களா? ஊட்டுக்காரம்மா அதா அந்த ஓரத்துல உக்காந்திருக்காங்களே!"

அவை அதிர்ந்து சிரித்தது. எந்த மேடையிலும் சிரிப்பைப் பிறர் கையில் விட்டுவிட்டு நான் உட்கார்ந்ததில்லை.

"வாடகை மிகவும் குறைவு, அவைத் தலைவர் அவர்களே!" என்று எழுந்தேன். "ஊசிக்கும் நூலுக்கும் ஒரு சட்டம் கேட்டார்கள், கொடுத்தேன். நாளை பொத்தானுக்கு ஓர் அமைச்சர் கேட்பார்கள். அதையும் தைத்துக் கொடுத்துவிட்டால் போயிற்று!"

முதல் சிரிப்பை விடப் பெரிய சிரிப்பு, நீண்ட கைதட்டல். தோழியின் அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தீர்மானம், பெரும்பான்மை, வாக்கெடுப்பு என்று புரியாத சொற்களாகவே கேட்டுக்கொண்டிருந்தவருக்கு ஊசியும் நூலும் பொத்தானும் தெரிந்த சொற்கள். மகள் என்னைப் பார்க்கவில்லை. சிரிக்கும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்தாள். "அவைத் தலைவர் அவர்களே, எங்கள் ஆறு உறுப்பினர்களும் இந்த அரசுக்கு அளித்த ஆதரவைத் திரும்பப் பெறுகிறோம்."

அது நாடகத்தின் ஒரு திருப்பம் என்றே நினைத்தேன். அவளைப் பார்த்துக் கண்ணடித்தேன், இறங்கியதும் டீக்கடையில் இதைச் சொல்லிச் சிரிப்போம் என்று. முப்பத்து மூன்றுக்கு இருபத்தேழு என்று என் அரசு கவிழ்ந்தது. அரசு கவிழ்ந்தால் அவை கலையும், எடுக்கப்படாத மசோதாக்கள் எல்லாம் காலாவதியாகும் என்பது போட்டி விதி. அந்த விதியை எனக்குப் படித்துக் காட்டியவளே அவள்தான். தன் மசோதா போகும் என்று தெரிந்தே எழுந்திருக்கிறாள் என்பது எனக்கு உறைத்தபோது, சிறந்த பேச்சாளர் கோப்பைக்கு என் பெயரை அழைத்தார்கள். அந்தப் பதிலடிக்காகவே கொடுப்பதாக நடுவர் பாராட்டினார்.

கோப்பையுடன் வெளியே வந்த என் கையை அவள் அம்மா பிடித்துக்கொண்டார். "நல்லாப் பேசுனீங்க கண்ணு. எம்புள்ள எப்பப் பேசுவா?"

 பின்னால் வந்த தோழிதான் பதில் சொன்னாள்.

"முடிஞ்சிருச்சும்மா. வா, ஊட்டுக்குப் போலாம்."

"நீ பேசவே இல்லியே?"

"பேசினேன்மா. ஒரு வரி."

ஒரு வாரம் கழித்து உக்கடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி அவள் வீட்டுக்கு நடந்தேன். அதற்குள் மசோதாவை முழுவதும் படித்திருந்தேன். முன்னுரையில் அவள் அம்மாவின் ஒரு நாள், விடியலிலிருந்து, ஒரு மிகைச் சொல்லும் இல்லாமல் இருந்தது. வாசற்படியில் நின்றபடி மன்னிப்புக் கேட்டேன். என் ஆணவத்தைக் கண்டித்தேன், அவள் பொறுமையைப் புகழ்ந்தேன், எங்கள் நட்பை நினைவூட்டினேன். உள்ளே அவள் அம்மா தலை குனிந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். தோழி முழுவதையும் கேட்டாள்.

"நல்லா இருக்கு புள்ள. கடைசிப் பகுதி மட்டும் கொஞ்சம் நீளம்" என்றாள். பிறகு, "எத்தன தடவ சொல்லிப் பாத்த?"

மூன்று தடவை. வரும் வழியில் பாலத்தின் மேல் ஒரு தடவை, அவள் தெருமுனையில் இரண்டு தடவை. பொய் சொல்ல முடியவில்லை, சொன்னேன்.

அவள் தலையசைத்தாள். கோபம்கூட இல்லை. "எங்கம்மாகிட்டயும் சொல்லப் போறியா?"

சொல்ல வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். ஆனால் சொன்னால், அன்று எல்லோரும் எதற்காகச் சிரித்தார்கள் என்பதை அந்த அம்மாவுக்கு நானே விளக்க வேண்டும்.

வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன்.