அந்த அம்மா அழவே இல்லை

எங்கள் வாசகர் குழுவில் மொத்தம் நாலே பேர். புத்தகம் வாங்கியதும் பின்னட்டையின் உள்பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டிவிடுவோம். படித்தவர் தன் கருத்தை அதில் எழுதி அடுத்தவருக்குத் தரவேண்டும். பெயர் போடக் கூடாது. நாலு பேருக்குள் யார் கையெழுத்து யாருக்குத் தெரியாது? ஆனாலும் விதி விதிதான்.

முதல் கருத்து எப்போதும் என்னுடையது, ஏனென்றால் பார்சல் என் வீட்டுக்குத்தான் வரும். நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி சரிபார்க்கிறவள். நூல் அறுந்த இடம், எண்ணெய்க் கறை என்று குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தி ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு எடுக்குமா? புத்தகங்களையும் அப்படியே பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பேன். குழுவில் எனக்கு நல்ல பெயர்தான். கொஞ்சம் பயமும் உண்டு.

எனக்கு அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர் மாமி, ஓய்வு பெற்ற டீச்சர். மாதக் கடைசி ஞாயிறு அவர் வீட்டில்தான் கூடுவோம். ஊரே பால்கோவா விற்கும்போது மாமி எங்களுக்கு வைப்பது சுண்டல். தேனீக்களைப் பற்றிய அறிவியல் புத்தகத்துக்கு மாமி எழுதியது: “ராணியின் முடிவு பரிதாபம். இவ்வளவு சோகம் தேவையா?” ஒரு துப்பறியும் நாவலுக்குக் கொலைகாரன் பெயரையே எழுதி அடியில் கோடும் போட்டுவிட்டார். பிறகு வந்த இரண்டு பேரும் அதைப் படிக்கவே இல்லை.

மூன்றாவது, கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினீயரிங் பாடம் எடுக்கிற தம்பி. கல்லூரிப் பஸ்ஸில் போகவர இருக்கிற நேரம்தான் அவருக்குப் படிக்கிற நேரம். தூங்குகிற நேரமும் அதுதான். சமையல் புத்தகத்துக்கு, “மூன்று குறிப்புகளைச் செய்து பார்த்தேன். முடிவுகள் பொருந்தவில்லை” என்று எழுதிய ஆள்.

கடைசியாக அண்ணாச்சி, எங்கள் தெருக்காரர். பட்டாளத்தில் இருந்து வந்தவர். பனிப்பிரதேசத்து நாவல் ஒன்றுக்கு, “குளிர் உண்மை. நாங்களும் இருந்தோம், இம்புட்டு புலம்பவில்லை” என்றார். அதிகாலையில் எழச் சொல்லும் புத்தகத்துக்கு ஒரே வரி: “எழுந்த பிறகு என்ன செய்ய என்று சொல்லவில்லை.”

இந்த நாலு பேரில் ஒருத்தி மூன்று வருடமாக யாருக்கும் தெரியாமல் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். வேறு யார், நான்தான். மில்லில் மூன்று ஷிப்டும் பார்த்துப் பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண்ணின் கதை. வேறு பெயர் வைத்திருந்தாலும் அவள் என் அம்மா. அம்மா இறந்த பிறகு எழுத ஆரம்பித்தேன். முடித்ததும் பயம் வந்துவிட்டது. இது நன்றாக இருக்கிறதா, அல்லது எனக்கு மட்டும்தான் நன்றாக இருக்கிறதா?

டைப் செய்து, ஜெராக்ஸ் கடையில் பைண்டு போட்டு, பின்னால் தாளும் ஒட்டினேன். பதிப்பகத்தில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர், அச்சுக்குப் போகுமுன் கருத்துக் கேட்டு அனுப்பியிருக்கிறார் என்று புளுகினேன். மற்ற மூன்று பேரும் வேண்டாம் என்றால் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவது, ஒருவராவது வேண்டும் என்றால் அச்சுக்குக் கொடுப்பது. மனதுக்குள் அப்படி முடிவு செய்துகொண்டேன்.

ஆனால் முதல் கருத்து நான் எழுத வேண்டுமே. பாராட்டினால் மாட்டிக்கொள்வேன், நான் எதைப் பாராட்டியிருக்கிறேன்? குறைதான் சொல்லவேண்டும். அம்மாவின் கதையில் உண்மையான குறையை எழுதக் கை வரவில்லை. அதனால் இல்லாத குறை ஒன்றை எழுதினேன்: “தாய்ப் பாத்திரம் எப்போது பார்த்தாலும் அழுகிறது. சலிப்பாக இருக்கிறது.” நாவலில் அந்த அம்மா ஒரு இடத்தில்கூட அழமாட்டாள். படித்தவர்கள் என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன்.

அந்த மாதக் கூட்டத்தில் சுண்டல் தட்டோடு புத்தகம் என் கைக்கு வந்தது. முதலில் எழுதியவர்தான் எல்லாக் கருத்தையும் வாசிக்கவேண்டும் என்பது வழக்கம். என் வரியை வாசித்தேன். அடுத்து மாமி: “ஆமோதிக்கிறேன். அந்த அம்மா அழுகிற அழுகையில் எனக்குத் தலைவலியே வந்துவிட்டது.” அடுத்து தம்பி: “அழுகைக் காட்சிகளைப் பாதியாகக் குறைக்கலாம்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை வருடம் என் கருத்தை எல்லாரும் மதிக்கிறார்கள் என்று பெருமைப்பட்டேனே, பின்னட்டையைத் திறந்து அதை மட்டும்தான் படித்திருக்கிறார்கள். கோபமாக வந்தது, அதைவிட அழுகையாக வந்தது. பீரோ சாவி கண்ணுக்குள் வந்து போனது.

கடைசியில் இருந்தது அண்ணாச்சியின் கட்டை எழுத்து. வழக்கமாக ஒரு வரிதான் எழுதுவார். அன்றைக்குத் தாளின் மிச்ச இடம் முழுக்க எழுதியிருந்தார்.

“அந்த அம்மா எங்கும் அழவில்லை. இரண்டு தடவை தேடிப் பார்த்தேன். மகன் செத்த தகவல் வரும்போது எழுந்துபோய் குக்கரை இறக்குகிறாள். விசில் அடங்கும்வரை அங்கேயே நிற்கிறாள். அவ்வளவுதான். முதலில் எழுதியவர் புத்தகத்தைச் சரியாகப் படிக்கவில்லை. திரும்பப் படிக்கவும்.”

வாசித்து முடித்தேன். தம்பி போனை எடுத்து எதையோ தீவிரமாகத் தேட ஆரம்பித்தார். மாமி, “அழலையாமா? நான் கண்ணாடியை மாத்தணும்போல இருக்கே” என்று சொல்லிக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி சுண்டல் வைத்தார்.

அண்ணாச்சி மட்டும் என்னை விடுவதாக இல்லை.

“ஏம்மா, துணியில ஒத்த நூல் விட்டுப் போனாலும் கண்டுபிடிக்கிறவிய நீங்க. இதை இப்படிப் பாக்காம எழுதலாமா?”

“தப்புதான் அண்ணாச்சி.”

“அந்த அம்மா எம்புட்டுத் தாங்கியிருக்கு. அவியளைப் பத்தித் தெரியாம நாலு பேரு வாயில போட்டுப் பேசக் கூடாதும்மா. எனக்கு மனசு ஆறல.”

என் அம்மாவுக்காக ஒருவர் என்னிடமே சண்டைக்கு வந்து நின்றார். நாற்பத்தெட்டு வயதில் தலையைக் குனிந்து அந்தத் திட்டை முழுசாக வாங்கிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

ஊர் திரும்பும்போது ராஜபாளையம் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்த அண்ணாச்சி, மம்சாபுரம் விலக்கு தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். கோபம் இன்னும் பாதி இருந்தது.

“எழுதுனவியகிட்டச் சொல்லுங்க, அந்தக் குக்கர் இடத்துல ஒத்த எழுத்து மாத்த வேண்டாம்னு. அச்சுக்குக் கொடுக்கச் சொல்லுங்க.”

“சொல்லிருதேன் அண்ணாச்சி” என்றேன்.

“பொறவு நீங்களும் திரும்பப் படிங்க.”

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்தேன்.