ஒரு பாஷையும் ஒரு மண்டப உதவியும்

பாபநாசத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்தவன் என்னவெல்லாம் கட்டியிருக்கிறான் என்று சொல்வார்கள். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து பார்த்த மூன்று நிபுணர்கள், தண்ணீரே கிடையாது என்று சத்தியம் செய்த இடத்தில் போர் போட்டேன். இன்றைக்கும் இறைக்கிறது, நிபுணர்களைத்தான் காணோம். நன்னிலத்தில் ஒரு நவீன அரிசி ஆலை. அதில் கல் பிரிக்கும் இயந்திரத்தைப் படத்தைப் பார்த்தே பூட்டினேன். பூட்டித் தர வந்த இன்ஜினீயர் டீ குடித்துவிட்டுப் போனார். மூன்று மாடி வீடு. எண்ணூறு பேர் உட்காரக்கூடிய குளிர்சாதனக் கல்யாண மண்டபம். அப்புறம், ஒரு பாஷை.

சரியாகத்தான் படித்தீர்கள். பாஷை. பேசுகிற பாஷை. மற்றதையெல்லாம் ஊரே ஒப்புக்கொள்கிறது. இந்த ஒன்றைச் சொன்னால் மட்டும் எல்லோரும் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறையாகப் பார்க்கிறார்கள். என் மனைவி முதல் முறை கேட்டபோது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "ஏங்க, அந்தப் பாஷைல ‘கொஞ்சம் சும்மா இருங்க’ன்னு சொல்றதுக்கு வார்த்தை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். இருந்தது. சொன்னேன். அன்றிலிருந்து அவள் அந்த ஒரு வார்த்தையைத்தான் எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஓர் அழைப்பிதழ். வழவழ தாள், நடுவில் குத்துவிளக்கு. ‘புதுமொழி கண்ட பேராசிரியர் வைத்தியநாதன் அவர்களுக்குப் பாராட்டு விழா’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அடியில், ஒலிபெருக்கி உதவிக்கும் காபி உதவிக்கும் நடுவில், ‘மண்டப உதவி’ என்று என் பெயர். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மண்டப உதவிதான். ஒலிபெருக்கிக்காரனுக்காவது படம் போட்டிருந்தார்கள்.

அந்த மண்டபம் இருக்கும் இடத்தில் முன்னால் ஒரு ரைஸ் மில் இருந்தது. மில்லை இடித்துத்தான் மண்டபம் கட்டினேன். கிரானைட் போட்டு, சுவரில் மூன்று முறை பெயிண்ட் அடித்தும் அடைமழை நாளில் மேற்கு மூலையில் ஊறின நெல்லின் புளிச்ச வாடை வரும். மணப்பெண் வீட்டார் மூக்கைச் சுளித்து, "சமையல்ல ஏதாவது கெட்டுப்போச்சுங்களா?" என்று கேட்பார்கள். "பழைய கட்டடம்மா, ராசியான வாடை" என்று சொல்லி வைத்திருக்கிறேன். ராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. அங்கே நெல் ஊறவைக்கும் தொட்டி இருந்தது. அந்தத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துதான் நானும் வைத்தியும் அந்தப் பாஷையைச் செய்தோம்.

வைத்தி மில் கணக்குப்பிள்ளையின் மகன். காலேஜில் ஒரு வருஷம் கோட்டை விட்டுவிட்டு, அப்பாவுக்குக் கைத்துணையாக வந்து உட்கார்ந்திருந்தான். நான் ஹல்லரில் நின்றவன். நெல்லைப் போட்டால் உமியும் அரிசியுமாகப் பிரித்துத் தள்ளுமே, அந்த இயந்திரம். தலையிலிருந்து கால்வரை தவிடு. என்னைத் துணியோடு சேர்த்து உதறினால் ஒரு மாட்டுக்கு ஒருவேளைத் தீனி ஆகும் என்று களத்துப் பெண்கள் சொல்வார்கள். வைத்தியோ வெள்ளைச் சட்டை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது மழை மட்டும்தான்.

குறுவை நெல் வந்து இறங்குவதும் ஐப்பசி மழை வந்து இறங்குவதும் எங்கள் பக்கம் ஒரே முகூர்த்தத்தில்தான் நடக்கும். அவித்த நெல்லைக் களத்தில் காயப்போட முடியாது. காயாத நெல்லை அரைக்க முடியாது. நாள் கணக்கில் மில் சும்மா கிடக்கும். ஆனால் முதலாளி எங்களை வீட்டுக்கு அனுப்பமாட்டார். மூட்டைக்குக் காவல் வேண்டும், ஒழுகுகிற இடத்துக்கு அண்டா வைக்க வேண்டும். இப்படி நாலாவது நாள் மழையில் வைத்தி சொன்னான்: "வெளிநாட்டுல ஒருத்தர் புதுசா ஒரு பாஷையே பண்ணிட்டாராம்டா. பத்திரிகைல போட்டிருக்கான்."

"எதுக்குடா?"

"எல்லாரும் பேசறதுக்கு."

"இருக்கிற பாஷையில பேசிட்டே என்ன கிழிச்சோம்?" என்றேன். ஆனாலும் மழை நிற்கவில்லையே. ஆரம்பித்தோம்.

சட்டம் ஒன்றே ஒன்றுதான். தமிழிலிருந்து எடுக்கக்கூடாது, வேறு எந்தப் பாஷையிலிருந்தும் எடுக்கக்கூடாது. படித்தவன் அங்கேயே திணறிப்போனான். எந்த வார்த்தையைச் சொன்னாலும் எங்கேயோ படித்ததாக இருந்தது. எனக்கு அந்தத் தொந்தரவே கிடையாது. நான்தான் எதையும் படித்ததில்லையே. கேட்ட சத்தத்திலிருந்து எடுத்தேன். முதலாளி நடந்தால் தோல் செருப்பு ‘க்ரிச், க்ரிச்’ என்னும். ஆகவே முதலாளிக்கு ‘க்ரிச்சா’. தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி மழைக்கு ‘லிலிம்’. மூட்டையைக் கடித்து நெல் திருடும் பெருச்சாளிக்கு ‘மொப்பா’. பிறகு அதுவே திருடனுக்கும் ஆயிற்று. பாஷையின் பெயர் ‘லிலிமி’, மழைப் பேச்சு. பெயர் வைத்தது யார் என்று கேட்கவும் வேண்டுமா?

ஒரு பொருளுக்கு அவன் ஒரு வார்த்தை சொல்வான், நான் ஒன்று சொல்வேன். இரண்டே பேர் இருக்கிற சபையில் ஓட்டு எப்போதும் சமம். அதனால் மூட்டையில் கைவிட்டுச் சில நெல்லை எடுத்து மூடிக்கொள்வேன், "ஒத்தையா, ரெட்டையா?" அவன் சரியாகச் சொன்னால் அவன் வார்த்தை, தப்பினால் என் வார்த்தை. உள்ளங்கையில் எத்தனை நெல் என்று விரலாலேயே தெரிந்துகொள்கிற கை என்னுடையது. ஒன்றைக் கூட்டவோ நழுவவிடவோ எவ்வளவு நேரமாகும்? இதைத் திருட்டு என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம். ஆக, வார்த்தைகளை எழுதிவந்த நோட்டில் இருக்கிற நானூற்றுச் சொச்சம் வார்த்தைகளில் முக்கால்வாசி என்னுடையவை. வார்த்தைகளைக் கோக்கிற ஒழுங்கு, முன்பின், ஒருமை பன்மை எல்லாம் வைத்தி. அதை நான் மறுக்கவில்லை. எனக்கு நியாயம் உண்டு.

எழுதினது அவன். எனக்கு எழுதக் கை வராது. ஒரு வரி எழுதுவதற்குள் ஒரு மூட்டை தூக்கிவிடலாம். அவன் பேனா, அவன் எழுத்து. அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பத்திரத்தில் கையெழுத்து யாருடையது என்று பார்த்துப் பார்த்து நிலம் வாங்கினவன், பாஷையில் கோட்டை விட்டேன்.

மழை விட்டு மில் ஓடும்போதும் லிலிமியில்தான் பேசிக்கொள்வோம். முதலாளி எதிரில் நின்றே முதலாளியைப் பற்றிப் பேசினோம். அவர் ஒருநாள் கணக்குப்பிள்ளையிடம், "பசங்க ரெண்டும் இந்தி படிக்குதுங்க போல, நல்லதுதான்" என்று சொன்னாராம்.

கடைசி வார்த்தை ‘ஹுவா’. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அந்த மில்லில் ஒரே இன்ஜின். அதிலிருந்து மேலே ஒரு நீள இரும்புத் தண்டு ஓடும். அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தோல் பெல்ட். ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவன் காதில் கத்தினாலும் கேட்காது. ஆகவே எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்ஜின் டிரைவர் பெரிய பெல்ட்டைக் கழியால் தள்ளிவிடுவார். அது ‘ஹூ...வா’ என்று வழுக்கி விழும். மொத்த மில்லும் ஒரே நொடியில் அடங்கும். ஆனால் கத்திக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியாது. அரை வாக்கியம் அந்த அமைதியில் அம்மணமாக வந்து நிற்கும். ஒருநாள் களத்தில் நெல் துழாவும் அஞ்சலை, "எங்க வூட்டுக்காரரு பல்லு வெளக்கி நாலு நாளாச்சு!" என்று முடித்தபோது, அவள் புருஷன் பின்னாலேயே மூட்டையோடு நின்றிருந்தார். அவர் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, "மூணு நாளுதான்" என்றார். முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை. காதுக்குள் மட்டும் ஏதோ ரீங்காரம். பிறகு களமே சிரித்தது.

சிரிப்பதற்கு முன்னால் இருக்கிறதே அந்தக் கொஞ்ச நேரம், அதற்கு ஒரு வார்த்தை வேண்டும் என்றேன். ‘ஹுவா’ என்றேன். வைத்தி நோட்டில் வார்த்தையை எழுதிக்கொண்டு, "அர்த்தம் என்ன போடட்டும்? மௌனமா?" என்றான்.

"மௌனத்துக்குத்தான் வேற வார்த்தை இருக்கே. இது அது இல்லடா."

"அப்ப நிசப்தம்."

"நீ படிச்சவன் மாதிரியே பேசாத."

ஒத்தையா ரெட்டையாவில் தீர்க்கிற விஷயமாக அது இல்லை. மறுபடி மழை பிடித்துக்கொள்ள, மூன்று நாள் சண்டை போட்டோம். நாலாம் நாள் வெயில் வந்துவிட்டது. நெல்லைக் களத்துக்கு அள்ளிக்கொண்டு ஓடினோம். அர்த்தத்துக்கு விட்ட இடம் காலியாகவே நின்றது. தை மாதம் வைத்தி மறுபடி படிக்கச் சென்னைக்குப் போனான். டிரங்குப் பெட்டியில் நோட்டும் போயிற்று. அவன் பேராசிரியர் ஆனான். நான் நீங்கள் மேலே படித்ததெல்லாம் ஆனேன்.

பாராட்டு விழாவுக்கு வருகிறேன். முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள்; மண்டபத்துக்காரன் இல்லையா? மேடையில் வைத்திக்குப் பொன்னாடை. நோட்டின் நகலை எல்லோருக்கும் கொடுத்தார்கள். விரைவில் புத்தகமாக வரும், அட்டையில் வைத்தியின் படம் வரும் என்று அறிவித்தார்கள். வைத்தி எழுந்து பேசினான். "இதில் ஹுவா என்ற சொல்லுக்கு மட்டும் பொருள் இல்லை. சொல்லால் எட்ட முடியாத ஒன்றை அந்த இளம் வயதிலேயே உணர்ந்து வெற்றிடமாக விட்டிருக்கிறேன்" என்றான். கைதட்டல். பின்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அஞ்சலை புருஷனின் பல் இவ்வளவு தூரம் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எழுந்து நின்றேன். மைக்கை நீட்டினார்கள். லிலிமியில், நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன்: "வூ மொப்பா. கிசா ஞெக் லோபு?" அதாவது, நீ திருட்டுப் பெருச்சாளி, என் பாதி எங்கே?

வைத்தி கண் கலங்கக் கைகூப்பினான். "மண்டப உரிமையாளர் அவர்கள் லிலிமியிலேயே என்னை வாழ்த்தியது நான் செய்த பாக்கியம்" என்றான். முன்னைவிடப் பெரிய கைதட்டல். எனக்கும் ஒரு துண்டு போர்த்தினார்கள்.

பந்தியில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நான் மேடைக்குக் கீழ என்ன சொன்னேன்னு புரிஞ்சுதா?"

"நல்லாருன்னு சொன்ன. இல்லையா?"

சொன்னதன் அர்த்தத்தைச் சொன்னேன். அவன் கை ரசச் சாதத்திலேயே நின்றுவிட்டது. "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லப்பா. நோட்டை எடுத்துப் பார்த்தேன், முழுக்க என் எழுத்தா இருந்துது. நான்தான் பண்ணியிருக்கேன்னு நெனச்சுட்டேன். உன்கூடத் தொட்டில உட்கார்ந்து மாங்கா தின்னதுதான் ஞாபகம்" என்றான். பொய் சொல்லவில்லை. பொய் சொன்னால் அவனுக்கு அந்தக் காலத்திலேயே காது சிவக்கும். இப்போது காது வெள்ளையாகத்தான் இருந்தது. திருடியிருந்தால் சண்டையாவது போடலாம். மறந்துபோனவனை என்ன செய்வது?

"ஹுவான்னா என்னடா?" என்று கேட்டான்.

"பேரைப் போடு, சொல்றேன்."

அவன் உடனே விழாக் கமிட்டிச் செயலாளரைக் கூப்பிட்டான். சின்ன வயது, காலேஜ் வாத்தியார், பணிவான பிள்ளை. "ஐயா சொன்னா சரிதாங்க. ஆனா புத்தகம் பாருங்க, எழுத்துப்பூர்வமா ஏதாவது ஆதாரம் இருந்தா வசதி" என்றார். போகிற போக்கில் என்னிடம், "இன்னிக்குத்தான் நோட்டு நகல் குடுத்தோம், அதுக்குள்ள ரெண்டு வரி மனப்பாடம் பண்ணிட்டீங்களே சார், இந்த வயசுல பெரிய விஷயம்" என்று பாராட்டினார்.

போர், ஆலை, வீடு எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நேரம் நன்றாக இருந்தது, மாமனார் கை கொடுத்தார், உடம்பில் தெம்பு இருந்தது என்பார்கள். தலையை மட்டும் வைத்துக்கொண்டு நான் செய்தது இது ஒன்றுதான். ஆகவே இதை விடுவதாக இல்லை.

எழுத்துப்பூர்வமாகக் கேட்டீர்கள், இதோ. முழுக்க என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஒற்று மட்டும் பேத்தி போட்டாள். புத்தகம் அச்சுக்குப் போகுமுன் அட்டையில் இரண்டு பெயர் வர வேண்டும், ஒரே அளவு எழுத்தில். உள்ளே ஹுவாவுக்கு எதிரில் இப்படிப் போடுங்கள்: பெரிய பெல்ட் விழுந்து, மில் அடங்கி, யாரோ கத்தின கடைசி வார்த்தையை எல்லோரும் கேட்டு, இன்னும் யாரும் சிரிக்க ஆரம்பிக்காத நேரம்.

அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று யாராவது வந்தால் காட்ட என்னிடம் இடம் கிடையாது. நன்னிலத்து ஆலையில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார். ஒன்று நின்றால் இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கும். மண்டபத்தில் கரண்டு போனால் கண் இமைப்பதற்குள் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும். தோல் பெல்ட்டும் தண்டும் கிடந்த அந்தப் பழைய மில்லைப் பக்கத்தில் நின்று இடிக்கச் சொன்னவனும் நான்தான். அதையும் விடாமல் என் பெயரிலேயே போடுங்கள்.