ஸ்ரீராம்புரத்திலிருந்து வைட்ஃபீல்டுக்கு நாற்பத்தொரு நாள்

2007 ஜூன் இருபதாம் தேதி கிளம்பினோம், நானும் என் பேத்தி கீர்த்தனாவும். அப்போது அவளுக்கு ஐந்து வயது. ஆட்டிசம். ஹாரன் சத்தமும், கூட்டத்தில் யாருடைய முழங்கையாவது உரசுவதும் அவளுக்குத் தாங்காது. பெங்களூருக்குள்ளேயே, தூரம் இருபத்தைந்து கிலோமீட்டர்தான். போய்ச் சேர நாற்பத்தொரு நாள் ஆனது. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். சொல்லச் சொல்ல மகள் தட்டச்சு செய்கிறாள். எதையும் மறக்கவில்லை.

வைட்ஃபீல்டில் இவளைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி இருந்தது. அதற்கு முன்னால் முதல் தடவை ஆட்டோவில் போனோம், 260 ரூபாய். இறங்கும்போதே வாந்தி. ஆபீஸ் மேசைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டாள். பள்ளிப் பொறுப்பிலிருந்த அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை.

"அவ்ளோ தூரத்துல இருந்து தினமும் இந்தப் பிள்ளை வராது பாட்டி. ஒரே சீட்தான் இருக்கு. பக்கத்துல இருக்கறவங்களுக்குக் குடுத்துடறோம்."

"எத்தனை நாள் வெச்சிருப்பீங்க?"

"ஆகஸ்ட் ஒண்ணு வரைக்கும். பஸ்ல கூட்டிட்டு வந்து காட்டுங்க, பார்க்கலாம்."

சரி, காட்டுகிறேன் என்று வந்தேன். முதல் நாள் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் ஏறி, உட்கார்ந்து, இறங்கியதோடு சரி. அப்புறம் ஒரு ஸ்டாப். அவளுக்குப் பேச்சு வரவில்லை. என் முந்தானையை இழுத்தால் இறங்க வேண்டும், அது எங்களுக்குள் பேச்சு. இழுத்த இடத்தில் இறங்கிவிடுவேன். கார்ப்பரேஷன் ஸ்டாப் வரை போக ஒன்பது நாள். டொம்லூருக்கு இருபத்தாறு.

ஒரு கன்னடக்காரக் கண்டக்டர் கேட்டான்: "ஏன் அஜ்ஜி, தினா ஒரே ஸ்டாப்புக்கு டிக்கெட்டா? நடந்தே போலாமே?"

"நீகூடத்தான் தினமும் சுத்திட்டு மெஜஸ்டிக்குக்கே திரும்பி வர்றே. நான் கேட்டேனா?"

சிரித்துவிட்டான். மறுநாளிலிருந்து எங்களைப் பார்த்தால் விசில் ஊதமாட்டான். பஸ் தகரத்தில் கையால் தட்டுவான்.

ஜூலை முப்பது, காலை 10.40 பஸ். டிக்கெட் 14 ரூபாய். மாரத்தஹள்ளியில் டிராபிக்கில் இருபத்தைந்து நிமிடம் நின்றுவிட்டது. நாலு பக்கமும் ஹாரன். கீர்த்தனா காதைப் பொத்திக்கொண்டு கத்தத் தொடங்கினாள்.

பச்சை ரவிக்கை, இடது மூக்கில் பேசரி போட்ட ஒருத்தி சொன்னாள்: "ரெண்டு அடி போட்டா அடங்கும். செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்காங்க."

கழுத்தில் ஆபீஸ் அட்டை மாட்டியிருந்த பையன் ஒருவன்: "இறக்கிக் கூட்டிட்டுப் போங்கம்மா, தலை வலிக்குது."

"உனக்குத் தலைவலின்னா நீ இறங்குப்பா. இவளுக்கு இறங்கணும்னா எங்கிட்ட சொல்லுவா."

"அது பேசவே இல்லியே!"

"உங்கிட்ட பேசல."

பஸ் தரையிலேயே உட்கார்ந்து அவளை இறுக்கி அணைத்துக்கொண்டேன். லேசாகத் தொட்டால் அவளுக்குக் கூசும். இறுக்கினால் கொஞ்சம் அடங்குவாள். ஒரு கை என் முந்தானையில் இருந்தது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இழுத்திருந்தால் இறங்கியிருப்பேன், பள்ளி சீட் போனால் போகிறது என்று. அவள் இழுக்கவில்லை. கத்திக்கொண்டே பிடித்திருந்தாள். பச்சை ரவிக்கைக்காரி குந்தலஹள்ளியில் இறங்கினாள். நாங்கள் அவளையும் தாண்டிப் போனோம்.

12.35க்குப் பள்ளி. தொண்டை கம்மிப்போயிருந்த பிள்ளையை அந்த அம்மா பார்த்தார். "வழியில அழுதாளா?"

"மாரத்தஹள்ளியில இருந்து."

"பின்ன தினமும் எப்படி…"

"அழறதுன்னா அழுதுட்டு வருவா. வந்துட்டாளா இல்லியா?"

அந்த அம்மா இழுப்பறையைத் திறந்து சேர்க்கைப் பாரத்தை நீட்டினார்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: பத்தரைக்கு மேல் ஏறுங்கள், அதற்கு முன் ஆபீஸ் கூட்டம். டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட் நல்லது. இன்ஜின் ஒரே மாதிரி உறுமுவது எங்களுக்கு ஒத்துவந்தது, உங்கள் பிள்ளைக்கு எது ஒத்துவருமோ பாருங்கள். புதுத் துணி போடாதீர்கள், உறுத்தும். தண்ணீரும் மாற்றுத் துணியும் கையில் இருக்கட்டும். நாள் கணக்குப் பார்க்காதீர்கள். பஸ்ஸில் இருப்பவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். அவர்கள் அவரவர் ஸ்டாப்பில் இறங்கிப் போகிறவர்கள். உங்கள் பிள்ளை எங்கே இறங்க வேண்டும் என்று அவர்களைக் கேட்காதீர்கள்.