அப்பாவின் இடது பக்கம்

வருஷத்தின் கடைசி நாள் மாலையில் எங்கள் வீட்டில் எல்லோரும் கூடத்தில் பாய் விரித்து உட்காருவோம். அந்த ஆண்டில் தனக்கு நடந்த ஒன்றை ஒவ்வொருவரும் சொல்லி, அதற்காக ஆண்டவருக்கு நன்றி கூற வேண்டும். 'எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்' என்று பொதுவாகச் சொல்லித் தப்ப முடியாது. அப்பா விடமாட்டார். "எல்லாத்துக்கும்னா எதுக்கு? ஒண்ணைச் சொல்லு" என்பார். அம்மா மட்டும் வருஷாவருஷம் தப்பித்துவிடுவாள். அவளுடைய முறை வரும்போது அடுப்பில் ஏதாவது பொங்கும், அல்லது பொங்குவதாகச் சொல்லி எழுந்து போய்விடுவாள்.

அம்மா எழுந்து போகாமல் பேசிய வருஷம் ஒன்று உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நாங்கள் நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து, கரமனையில் ஆற்றுக்குப் போகிற வழியில் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு சர்க்கார் ஆபீஸில் குமஸ்தா வேலை. அண்ணன் காலேஜில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பன்னிரண்டு வயது, தங்கைக்கு ஆறு. சர்க்கார் பஸ் ஓடத் தொடங்கிய புதிது. அதில் ஏறிக் கோயிலுக்குப் போவதே எங்களுக்கு ஒரு விசேஷம்.

கோயிலில் அப்பா பாடகர் குழுவில் இருந்தார். நல்ல குரல். பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பாரே தவிர, பார்க்கமாட்டார்.

அந்த வருஷம் ஈஸ்டர் ஆராதனை நீண்டுபோனது. கடைசிப் பாட்டை அறிவித்த போதகர், நேரமாகிவிட்டதால் மூன்றாம் சரணத்தை விட்டுவிடுவோம் என்றார். இரண்டு சரணம் ஆனதும் சபை முழுவதும் நான்காவதற்குப் போயிற்று. அப்பா மட்டும் மூன்றாவதைப் பாடினார், அதுவும் ஈஸ்டர் நாளுக்கென்று வைத்திருந்த குரலில். ஆண்கள் பக்கத்தில் தலைகள் திரும்பின. குழுவில் அப்பாவுக்கு அருகில் நின்ற அண்ணன் காதுவரை சிவந்துபோய்ப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பெண்கள் பக்கத்தில் அம்மாவோடு நின்ற எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது.

அப்போது என் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் மூன்றாம் சரணத்தை எடுத்தது. அம்மா. அவள் கூட்டத்தில் உரக்கப் பாடி நான் கேட்டதே இல்லை. முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டு, கடைசி அடி வரைக்கும் பாடி முடித்தாள். சபை நான்காவதை முடித்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது அப்பா கேட்டார்: "என்னா, எல்லாரும் இப்படிப் பார்த்தாங்க?"

"நல்லா பாடினீங்க. அதான் பார்த்தாங்க" என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் நான் அடுக்களைக்குள் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஈஸ்டர் அன்னைக்குப் பொய் சொல்லுதியே அம்மா" என்றேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அப்பாவுக்குக் காது கேக்கல மக்களே" என்றாள். "வலது காது சுத்தமாக் கேக்காது. இடதுல பாதி. ரெண்டு வருஷமாச்சு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? மறைக்குதாரு. மறைக்கட்டும்னு நானும் விட்டுட்டேன்."

அப்போதுதான் எனக்குப் பல விஷயங்கள் விளங்கின. அம்மா எப்போதும் அப்பாவுக்கு இடது பக்கமாகவே நடப்பாள். அவருடைய நாற்காலியை ஜன்னலோரத்திலிருந்து சுவர்ப் பக்கம் மாற்றி, இடது காது கூடத்தைப் பார்த்து இருக்கும்படி போட்டிருந்தாள். "முதுகுக்குப் பின்னால நின்னு பேசாத, முன்னால வந்து முகத்தைப் பார்த்துப் பேசு, அதுதான் மரியாதை" என்று எங்கள் மூவரையும் அதட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டு வருஷமாக அதை மரியாதை என்றே நம்பி, பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களிடமும் அப்படியே செய்து நான் நல்ல பெயர் வாங்கியிருந்தேன்.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று அம்மா வாக்கு வாங்கிக்கொண்டாள். ஆனால் மழைக்காலம் வந்தது.

அப்பாவின் ஆபீஸில் பள்ளிக்கூட வாத்தியார்களை இடம் மாற்றும் உத்தரவுகளை எழுதுவது அவர் வேலை. மேலதிகாரி வாயால் சொல்வார், அப்பா எழுதிக்கொண்டு வந்து கையெழுத்து வாங்குவார். ஓட்டின்மேல் மழை கொட்டுகிற ஒரு நாள் அதிகாரி ஆற்றூர் என்று சொல்ல, அப்பா ஆற்றிங்கல் என்று எழுதிவிட்டார். அதிகாரியும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒன்று நாகர்கோவில் போகிற வழி, மற்றது நேர் எதிர்த்திசை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, முழங்கால் வரை சேறோடு ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அந்த வாத்தியார்தான். ஆபீஸில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து வந்திருந்தார். அப்பா அவரை உட்காரச் சொன்னார். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன்.

"சார், ஆற்றிங்கலுக்கு மாத்தினதா உத்தரவு வந்தது" என்று அவர் தொடங்கினார். "சாமானெல்லாம் வண்டியில ஏத்தி வீட்டுக்காரியையும் கூட்டிட்டுப் போனேன். அவளுக்கு இது எட்டாம் மாசம். அங்க போனா, இஞ்ச இடமே ஒழிவில்லன்னு ஹெட்மாஸ்டர் பறயுதாரு. ரெண்டு நாள் சத்திரத்துல கெடந்தோம்."

மழை விடவில்லை. அப்பா சிரித்த முகத்தோடு தலையை ஆட்டினார். "ஆமா, ஆமா. நல்ல ஊரு. உங்களுக்குப் பிடிச்சுப்போவும்" என்றார்.

வாத்தியார் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தன்னைக் கேலி செய்கிறார்களோ என்று சந்தேகப்படுகிற மனிதனின் முகம் அது. கதவோரம் நின்றிருந்த அம்மாவைப் பார்த்தேன். அவளும் அசையாமல் நின்றாள்.

ஏதோ சரியில்லை என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு மெல்லப் போயிற்று. அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "அவரு என்ன சொல்லுதாரு மக்களே?"

அப்படி அவர் அதுவரைக்கும் யாரிடமும் கேட்டதில்லை. நான் அவருடைய இடது பக்கமாகப் போய் மண்டியிட்டு, வாத்தியார் சொன்னது அத்தனையையும் ஒவ்வொன்றாகக் காதுக்குள் சொன்னேன். எட்டாம் மாதம் என்று சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அப்பா கடைசி வரை கேட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"தப்பு என்னுது சார். எனக்குக் காது கேக்காது. யாருட்டயும் சொல்லாம வச்சிருந்தேன்."

வாத்தியாரும் எழுந்துவிட்டார். "அய்யோ, இருங்க சார். எனக்க அப்பனுக்கும் இதுதான். வெசனப்படாதீங்க" என்றார். பிறகு, தன் அப்பாவிடம் பேசிப் பழகிய குரலாக இருக்க வேண்டும், உரக்க, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேச ஆரம்பித்தார். இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். வாத்தியார் மனைவியை வலியசாலையில் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். அம்மா அவருக்குச் சோறு போட்டு, அந்தப் பெண்ணுக்கென்று ஒரு கூடை நேந்திரம் பழமும் கொடுத்தனுப்பினாள்.

திங்கட்கிழமை அப்பா வழக்கத்தைவிட முன்னதாகவே ஆபீஸுக்குப் போனார். அன்று முழுக்க அம்மா ஒரு வேலையையும் உருப்படியாகச் செய்யவில்லை. பத்தொன்பது வருஷ வேலை. அதைவிட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

மாலையில் அப்பா வந்து, காலைக் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"சொல்லிட்டேன்" என்றார்.

"அவரு என்ன சொன்னாரு?"

"அந்த மழையில எனக்கே ஒண்ணும் கேட்டில்லன்னாரு. பின்னே ஒரு காகிதத்தை எடுத்து, எத்தனை நாளா இப்படின்னு எழுதிக் காட்டினாரு. நானும் எழுதிக் கொடுத்தேன். பழைய ரிக்கார்டு இருக்கற அறைக்கு மாத்துதாராம். அங்க யாருட்டயும் பேச வேண்டிய அவசியமில்ல."

வாத்தியாருடைய உத்தரவு அந்த வாரமே திருத்தப்பட்டது. அப்பாவைத்தான் அவ்வளவு சீக்கிரம் திருத்த முடியவில்லை. பாடகர் குழுவிலிருந்து தானாகவே விலகிக்கொண்டார். ஆபீஸிலிருந்து வந்தால் சட்டையெல்லாம் தூசி. யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். நாங்கள் உரக்கப் பேசினால் "கத்தாத" என்பார், மெதுவாகப் பேசினால் எழுந்து போய்விடுவார். ஒரு மாதம் போல வீடு அப்படி இருந்தது.

அதை மாற்றியது தங்கைதான், தெரியாமல். அவள் அப்போதுதான் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தாள். ஒரு நாள் சிலேட்டில் 'அபபா சொறு' என்று எழுதி அப்பாவின் மடியில் கொண்டுபோய் வைத்தாள். அப்பா அதைப் படித்துவிட்டுப் பலப்பத்தை வாங்கி, இரண்டு இடத்தில் பிழை திருத்தி, கீழே 'வருகிறேன்' என்று எழுதினார். அவளுக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. மறுநாளிலிருந்து அப்பாவும் பெண்ணும் சிலேட்டில் பேசிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் அவள் வகுப்பில் எழுத்தில் முதலாவது ஆகிவிட்டாள்.

ரிக்கார்டு அறையும் அப்பாவுக்குப் பிடிக்கத் தொடங்கியது. ஒரு மாலை அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார். எப்போதோ ஒரு கோயில் யானையைப் பார்த்துக்கொண்ட ஆள், யானைக்குக் கொடுக்கிற தென்னோலை போதவில்லை என்று சர்க்காருக்கு எழுதிய மனு கிடைத்ததாம். அதற்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று நாலு வருஷம் காகிதம் நடந்திருக்கிறது. "கடைசியில ஆனை செத்துப்போச்சு. அதுக்கப்புறமும் ரெண்டு காகிதம் இருக்கு" என்று சொல்லி அவர் சிரித்தபோது அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அதிலிருந்து தினமும் ஒரு பழைய கதை வீட்டுக்கு வந்தது.

அண்ணனுக்கு மட்டும் அந்த வருஷம் நன்றாக இல்லை. கணக்கில் தோற்றுப்போனான். அப்பாவிடம் சொல்லப் பயந்து, ஒரு வாரம் கழித்து, மூன்று பக்கம் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தான். அப்பா முழுவதையும் படித்துவிட்டு, "கணக்குல தோத்தா என்ன, தமிழ் நல்லா எழுதுத. மறுபடி எழுதிப் பாரு" என்றார். அண்ணன் அதை எதிர்பார்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் குழுவிலிருந்து இறங்கி, பெஞ்சில் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றான். சரணம் மாறும்போதெல்லாம் விரலால் எண்ணைக் காட்டினான். ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் திரும்பவும் கேட்டது.

இப்படியாகத்தான் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி வந்தது. மாலையில் குளித்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தோம். இந்தத் தடவை அப்பா நாற்காலியை நடுவில் போட்டுக்கொண்டார். ஒவ்வொருவராக முன்னால் வந்து சொல்ல வேண்டும் என்றார்.

தங்கை தனக்கு இரண்டு பல் விழுந்து முளைத்ததற்காக நன்றி சொன்னாள். அண்ணன், தோற்றபோது அடி விழாததற்காக என்றான். நான் என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. ஏதோ பெரிய வார்த்தையாகச் சொல்ல முயன்று பாதியில் நின்றுபோனது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அம்மாவின் முறை வந்தது. அவள் அடுக்களைப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. எழுந்து அப்பாவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருஷமா நான் பொய்யாப் பேசிட்டிருந்தேன்" என்றாள். "உங்களுக்கு மனசு நோவக் கூடாதேன்னு பிள்ளைங்ககிட்ட, அக்கம்பக்கத்துல, எல்லாருட்டயும். உங்ககிட்டயும்தான். களைச்சுப்போச்சு எனக்கு. இந்த வருஷத்துல அது முடிஞ்சுது. அதுக்குத்தான் ஸ்தோத்திரம்."

அப்பா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"உனக்குத் தெரியும்ங்கறது எனக்குத் தெரியும். நீ சொல்லாம இருந்ததுனால நானும் சொல்லாம இருந்தேன்."

"அப்படின்னா ரெண்டு வருஷமா ரெண்டு பேரும் சும்மா கஷ்டப்பட்டிருக்கோம்" என்றாள் அம்மா. எங்கள் மூவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அப்பாவே முதலில் சிரித்தார்.

பிறகு அவர் தன் முறையைச் சொன்னார். "நீங்க பக்கத்து அறையில பேசிட்டிருக்கும்போது எனக்கு ஒண்ணும் கேக்காது. அது ஒரு குறைதான், இல்லன்னு சொல்லல. ஆனா ஒண்ணு. முன்னெல்லாம் ஒரே வீட்டுல இருந்தும் நீங்க ஓடுற போக்குல ஏதாச்சும் சொல்லிட்டுப் போவீங்க, நானும் உம் கொட்டுவேன். இப்ப ஒவ்வொருத்தரும் எனக்க முன்னால வந்து நின்னு பேசுதீங்க. இவ்வளவு நேரம் நான் உங்க முகத்தைப் பார்த்ததே இல்ல."

அதற்குமேல் அவர் விளக்கவில்லை. ஜெபம் தொடங்கினார். அப்பாவின் ஜெபம் எப்போதும் நீளம். இப்போது தன் குரலும் தனக்குச் சரியாகக் கேட்காததாலோ என்னவோ, சொன்னதையே இரண்டு தடவை சொன்னார். அம்மா உட்பட யாரும் கண் திறக்கவில்லை. ஆமென் சொல்லி எழுந்தபோது, ஆட்டுக்கறிக் குழம்பு ஆறிப்போய் மேலே கொழுப்புக் கட்டியிருந்தது. அம்மா அதை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். அண்ணன் ஆப்பம் பதினொன்று தின்றான்.