கண்ணாடியில் சாக்பீஸ்

என் பெரியக்காவுக்கு ஆலையில் ‘சர்டிபிகேட்டு’ என்று பெயர். பத்தொன்பது வயதில் தட்டச்சு பாஸ் செய்தாள். சான்றிதழ் கைக்கு வந்தபோது தட்டச்சு மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு மடியில் பிள்ளையோடு கம்ப்யூட்டர் வகுப்பு. கடைசியில் கிடைத்ததென்னவோ எந்தச் சான்றிதழும் கேட்காத வேலை: துணி ஆலையில் செக்கிங். சாய்ந்த மேசை, அடியில் ட்யூப்லைட், மேலே ஓடும் துணி. அறுந்த இழையோ முடிச்சோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் சாக்பீஸால் ஒரு கோடு. இருபத்திரண்டு வருஷம் கோடு போட்டாள்.

அத்தான் படுக்கையில் விழுந்த பிறகு அந்த வேலைதான் குடும்பம். ஆலை மருந்தகத்தில் அவருக்கு மாத்திரை இலவசம். வேலை போனால் அதுவும் போகும்.

போன வருஷம் ஆலைக்குக் கேமரா வந்தது. இனி துணியில் பழுதைக் கண்டுபிடிப்பது அதன் வேலை; அதை மேற்பார்க்க ஆறு பேர் போதும். இருந்தது இருபது பேர். பயிற்சி வைத்துத் தேர்வு நடத்துவதாகச் சொன்னார்கள்.

“படிச்சுக்கிட்டே இருக்கிறவங்களாலதான் பொருளாதாரம் வளரும்” என்றார் பயிற்சியாளர். அக்கா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள்.

“இந்தச் சர்டிபிகேட்டையும் மாட்டச் சுவத்துல இடமிருக்கா?”

“இல்லேன்னா உன் வீட்டுச் சுவத்தைக் குடு.”

“ஐம்பதுல வளையப் பாக்காதேடி, முறிஞ்சிடும்.”

“எனக்கு நாப்பத்தேழுதான். இன்னும் மூணு வருஷம் வளையலாம்.”

ஒவ்வொரு வகைப் பழுதுக்கும் பயிற்சியில் கொடுத்த எண்களை அத்தானிடம் ஒப்பித்தே மனப்பாடம் செய்தாள். ஆனால் இருபது பேருக்கும் திரை ஒன்றுதான். தொட்டுப் பழகியது ஆளுக்கு ஐந்தே நிமிஷம்.

தேர்வன்று திரையில் துணி ஓடியது. மொத்தம் நாற்பது பழுது; ஒவ்வொன்றையும் விரலால் தொட வேண்டும். முதலில் தொட்டாள். துணி வேகமெடுத்ததும் தேர்வு என்பதே மறந்துவிட்டது. கை தன்னால் பைக்குள் போய் சாக்பீஸை எடுத்தது. பயிற்சியாளர் வந்து பார்த்தபோது கண்ணாடி முழுக்க வெள்ளைக் கோடுகள். துணி ஓடிவிட்டது, கோடுகள் அங்கேயே நின்றன.

“நாப்பதும் கண்டுபிடிச்சேன் சார். ஒண்ணுகூட விடலே.”

“தெரியுதும்மா. சாக்பீஸ் பட்டா அதுக்கு உறைக்காது. ஒன்பதுதான் ஏறியிருக்கு.”

“நீங்க பாத்தீங்கல்ல?”

“நான் பாத்ததைப் போட அதுல இடமில்லையே.” கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார்.

அடுத்தவள் பக்கத்து மேசைக்காரி. ஆறாவது இடம் அவளுக்கு. பஸ்ஸில் அக்காவைவிட அவள்தான் அதிகம் அழுதாளாம்.

வெளியூரில் இருக்கும் எனக்கு நேற்று அக்கா போன் செய்தாள்.

“உங்க ஊர்ல இந்த வயசுல என்ன படிக்கிறாங்க?”

இணையத்திலேயே படிக்கக்கூடிய ஒன்றைச் சொன்னேன். பேனா தேடும் சத்தம் கேட்டது.

“எத்தனை மாசம்?”

“ஆறு.”

பேனா எழுதும் சத்தம் கேட்கவில்லை. பின்னால் அத்தான் இருமினார்.

“ஆறா?” என்றாள். “மாத்திரை வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் இருக்கு.”