பதினேழு ஒன்றுகள்

மாலை வண்டி பெக்கோக் பக்கம் போய் மறைந்ததும், சிற்றம்பலம் பச்சைக்கொடியைச் சுருட்டி வைக்கிறார். பழைய பார்சல் சீட்டைத் திருப்பிப் போட்டு, பென்சில் முனையை நாக்கில் நனைத்து, ஒரே எண்ணாக, ஒன்றை ஒட்டி ஒன்றாக ஒன்றுகளையே எழுதுகிறார். பதினேழு ஒன்றுகள். விரல் வைத்து எண்ணிச் சரிபார்த்துக்கொள்கிறார்.

மலாயாவின் லாபிஸ் ஸ்டேஷன் மாஸ்டரான இந்த யாழ்ப்பாணத்தாருக்கு எந்த எண்ணையும் சும்மா விடத் தெரியாது. டிக்கெட் கொடுக்கும்போதே, "உன்ர சீட்டு பதின்மூன்றால பிரியும், சந்தோசமாப் போ" என்பார். தோட்டத்து ஆட்களும் புரிந்தவர்கள் போலச் சிரித்துவிட்டு ஏறுவார்கள்.

இரண்டு ஒன்றுகளைச் சேர்த்து எழுதினால் பதினொன்று. அதை வேறு எந்த எண்ணும் மீதியில்லாமல் வகுக்காது. இந்தப் பதினேழு ஒன்றுகள் சேர்ந்த எண்ணும் அதே பிடிவாதக்காரன் என்பது அவர் நம்பிக்கை. இதை வகுக்கும் எண் ஒன்று இருந்தால், அதை முப்பத்து நான்கால் வகுக்க ஒன்று மிஞ்ச வேண்டும். அந்தச் சல்லடையில் தேறியவற்றால் நாளுக்கு நாலாக எட்டு வருடம் வகுத்தார். ஒவ்வொரு முறையும் மீதி வந்தது. ஒவ்வொரு மீதிக்கும் மனிதர் மகிழ்ந்தார். தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ஸ்மேன் வீரமுத்து மட்டும் அதை லாட்டரி நம்பர் என்றே நம்பியிருந்தான்.

போன வருடம், அவர் விசாரித்து எழுதியதற்குச் சிங்கப்பூர்க் கல்லூரி ஆசிரியர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்து மூன்று அதை மீதியில்லாமல் வகுக்குமாம், புத்தகத்திலேயே இருக்கிறதாம்.

நோட்டுகளைக் கொட்டித் தேடினார். அந்த எண்ணாலும் வகுத்திருந்தார். மேலே தேதி இருந்தது.

மனைவி ஞானேஸ்வரி காய்ச்சலில் கிடந்த நாள் அது. வீரமுத்து குவார்ட்டர்ஸிலிருந்து ஓடிவந்து, "ஐயா, அம்மா கூப்பிடுறாங்க. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றான்.

"இன்னும் ரெண்டு வரிதான். முடிச்சுப்போட்டு வாறன்."

முடித்துவிட்டுத்தான் போனார். அவள் மூச்சு அடங்கியிருந்தது.

கணக்காவது சரியாக இருக்கிறதே என்றுதான் இத்தனை நாளும் மனதைத் தேற்றி வந்தார். இப்போது பார்த்தால், அந்த இரண்டு வரிகளில் முதல் வரியிலேயே, அவசரத்தில், கழிக்கும்போது ஒன்றைக் கூடுதலாகக் கடன் வாங்கியிருக்கிறார். அவளிடமும் போய்ச் சேரவில்லை, எண்ணிடமும் போய்ச் சேரவில்லை. பாவி மனிதர், இதை யாரிடம் சொல்லி அழுவார்?

கடிதம் வந்த நாளிலிருந்து வேறு எந்த எண்ணும் இல்லை. தினமும் அதே வகுத்தல்தான். கழித்துக் கழித்து இறங்கி வருகிறார். வழக்கம்போல இன்றும் இரண்டு வரி பாக்கியிருக்கையில் பென்சில் நிற்கிறது. சிக்னல் விளக்கேற்ற வந்த வீரமுத்துவுக்கு மனம் கேட்கவில்லை.

"ரெண்டு வரிதானே ஐயா. முடிச்சிட்டே போங்களேன்."

சிற்றம்பலம் பென்சிலைத் தாளின் மேலேயே வைத்துவிட்டு எழுகிறார். தண்டவாளத்தைத் தாண்டி, வேட்டி தடுக்க, ஓட்டமும் நடையுமாகக் குவார்ட்டர்ஸுக்குப் போகிறார். சாவி அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது. பூட்டிய கதவை மெல்லத் தட்டுகிறார்.